வீட்டில் மட்டும் ‘பார்த்துக்கலாம்’

நான் கட்டுமானத் துறையில் பிளானிங் இன்ஜினியர். எது முடிந்தால் எதை ஆரம்பிக்கலாம், லிஃப்டுக்கு எப்போது ஆர்டர் கொடுக்க வேண்டும், ஜன்னல் கண்ணாடி எந்த வாரம் சைட்டில் வந்து இறங்க வேண்டும் என்று அட்டவணை போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட என்னிடம் வீட்டில் யாராவது “சனிக்கிழமை என்ன பிளான்?” என்று கேட்டால் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். முகமே மாறிவிடுமாம். என் மகள் அதை நடித்துக் காட்டுவாள். புருவம் இரண்டையும் நெரித்து, உதட்டை ஒரு பக்கமாக இழுத்து, “அப்போ பார்த்துக்கலாம்!”

என் அக்கா நேர் எதிர். ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பே பெட்டி கட்டி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலையும் பெட்டி மேல் ஒட்டி வைப்பவள். என்னுடையது வெறும் சோம்பல் என்பது அவள் தீர்ப்பு. அதை நான் ஒப்புக்கொண்டதே கிடையாது. சோம்பேறிக்குக் கடைசி நேரத்தில் இத்தனை ஓட்டம் ஓட முடியுமா? திட்டமில்லாமல் குடும்பம் நடத்த எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது, பெட்டி மேல் பட்டியல் ஒட்டுபவர்களுக்குத் தெரியாது.

சரி, சோம்பல் இல்லையென்றால் வேறு என்ன? கொஞ்ச நாள் என்னையே கவனித்துப் பார்த்தேன்.

காலையில் நானே என் கையால் எழுதுவேன்: “மாலை, துணி அலமாரியை ஒழிக்கணும்.” மாலையில் அதைப் படித்தால் யாரோ அதிகாரம் செய்வது போல இருக்கும். ‘நீ யார் என்னைச் சொல்ல?’ என்று உள்ளே ஒரு குரல் கிளம்பும். ஜாக் ப்ரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966இல் இந்தக் குணத்தைப் பற்றி ஒரு கோட்பாடே வகுத்தார். நம் சுதந்திரத்தில் யாரோ கை வைக்கிறார்கள் என்று தோன்றினால் அதை மீட்டெடுக்க மனம் திமிறும். எதைச் செய்யாதே என்றார்களோ அதன் மேல்தான் ஆசை கூடும். அவர் முக்கியமாகப் பேசியது வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைப் பற்றி. என் வீட்டில் அதிகாரம் செய்பவளும் நான்தான், முறைத்துக்கொள்பவளும் நான்தான்.

இன்னொன்றும் உண்டு, அது இதைவிடச் சங்கடமானது. திட்டம் போட உட்கார்ந்தாலே அது கேள்வி கேட்க ஆரம்பித்துவிடும். “பல் டாக்டரிடம் நேரம் வாங்கு” என்று எழுத வேண்டுமானால் பல் வலிக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதாத வரைக்கும் அது லேசான கூச்சம், அவ்வளவுதான். அப்பாவின் கண் பரிசோதனை, காப்பீட்டுப் புதுப்பிப்பு, மகளின் மேற்படிப்பு எல்லாம் இதே ரகம். காகிதத்தில் இறக்கிவிட்டால் கண்ணெதிரே நிற்கும். நான் தள்ளிப்போட்டவற்றில் பாதி, வேலைக்குப் பயந்து தள்ளியது இல்லை. அதை நேருக்கு நேர் பார்க்கத்தான் பயம்.

மூன்றாவது காரணத்தில் எனக்கு முழு நியாயம் இருக்கிறது. திட்டங்கள் பொய் சொல்லும். எங்கள் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் கட்டடம் சிட்னி ஓபரா ஹவுஸ். 1963இல் முடியும் என்றார்கள், திறந்தது 1973இல். செலவு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட கணக்கு, முடியும்போது 10 கோடியே 20 லட்சம். பெரிய கட்டடம் என்பதால் இப்படி என்று நினைக்க வேண்டாம். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இல் இந்தக் கோளாறுக்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயரே வைத்தார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்ன பதில் ஏறக்குறைய 34 நாள். எல்லாமே கோணல்மாணலாகப் போனால்? 49 நாள் என்றார்கள். நிஜத்தில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது, கெட்டதிலும் கெட்டதாக நினைத்துச் சொன்ன கணக்கையும் தாண்டிவிட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே அக்காவுக்கு அனுப்பினேன். அவள் பதிலே போடவில்லை.

இப்படி ஆராய்ச்சி ஆதாரத்தோடு அசையாமல் உட்கார்ந்திருந்த என்னை அசைத்தது மகளின் ஒரு கேள்வி. கேலியாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“ஏம்மா, ஆபீஸ்ல ஷெட்யூல் தவறிப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

“ரிவைஸ் பண்ணுவோம்.”

“அப்போ வீட்ல?”

வீட்டில் நோட்டைத் தூக்கி மூலையில் போடுவோம். என் மேசை இழுப்பறையில் அப்படிப் பல நோட்டுகள் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் முதல் பக்கம் அழகான கையெழுத்து, இரண்டு கலர் பேனா, கோடு போட்ட கட்டங்கள். திங்கள், செவ்வாய் எல்லாம் டிக். புதன்கிழமை ஏதோ ஒன்று தவறும். அதோடு சரி, மிச்சப் பக்கங்கள் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

சைட்டில் இது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். முதலில் போட்ட ஷெட்யூல்படியே கடைசி வரை நடந்த ஒரு புராஜெக்டைக்கூட நான் பார்த்தது கிடையாது. மழை வரும், லாரி வராது, மாடிப்படி வரைபடத்தை ஆர்க்கிடெக்ட் மாற்றுவார். ஒவ்வொரு முறையும் அட்டவணையைத் திருத்தி, தாளின் ஓரத்தில் இருக்கும் ரிவிஷன் எண்ணை ஒன்று கூட்டி, புதுசாக அனுப்புவோம். மீட்டிங்கில் ரிவிஷன் 11 என்று அறிவித்தால் யாரும் தலையில் கை வைத்து உட்கார மாட்டார்கள். பழைய தேதிக்கு அழுவதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. ‘இப்போது எங்கே நிற்கிறோம், அடுத்தது என்ன?’ அவ்வளவுதான் பேச்சு. இதே நான், வீட்டில் ஒரு புதன்கிழமை தவறியதற்கு மொத்தத் திட்டத்தையும் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறேன்.

ஆகவே அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டினேன். புது நோட்டு வாங்கவில்லை. ஆபீஸில் ஒரு பக்கம் பிரிண்ட் ஆகி வீணான தாள்தான். மேலே வலது ஓரத்தில் ‘ரி. 0’ என்று எழுதினேன். எது மாறினாலும் பழைய வரியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடிப்பேன், அழிக்க மாட்டேன். கீழே புதுத் தேதி. ஓரத்தில் எண் ஒன்று கூடும். கணவர் ஒருநாள் துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தவர், “என்ன, அதுக்குள்ள ரிவிஷன் 6-ஆ?” என்றார். “ஓடுற புராஜெக்ட்னா அப்படித்தான் இருக்கும்” என்றேன். கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். தவறியதைத் தவறு என்று பார்க்காமல் எண் கூடியதாகப் பார்க்க ஆரம்பித்ததும், அந்தத் தாளைத் திறந்து பார்க்கவே கூசிய கூச்சம் போய்விட்டது. இதை மனத் தந்திரம் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தத் தாளில் எதை எழுதுவது என்பதுதான் இதைவிட முக்கியம். எல்லாவற்றையும் எழுது என்றுதான் பொதுவாக எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்கு மூச்சு முட்டும். இங்கேயும் தொழில்தான் கை கொடுத்தது.

1957இல் டுபான்ட் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனத்துக்காக மோர்கன் வாக்கர், ஜேம்ஸ் கெல்லி என்ற இருவர் ஒரு முறையை உருவாக்கினார்கள். கிரிட்டிக்கல் பாத் என்போம். ஒரு புராஜெக்டில் ஆயிரம் வேலை இருந்தாலும், அது முடியும் தேதியைத் தீர்மானிப்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும் ஒரு நீளமான சங்கிலிதான். அதில் ஒரு நாள் தாமதமானால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும். மற்ற வேலைகளுக்கு ‘ஃப்ளோட்’ இருக்கும்; கொஞ்சம் முன்னே பின்னே செய்தாலும் குடி முழுகாது. அந்தச் சங்கிலியில் வந்து உட்கார்ந்துகொள்பவை பெரும்பாலும், நம் கை வேகத்துக்குக் கட்டுப்படாத வேலைகள். கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாள் சோதனையில்தான் மதிப்பிடுவது வழக்கம். சிமென்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகுவதற்கு அதற்கென்று ஒரு வேகம் உண்டு. எம்.டி. வந்து கத்தினாலும் நாள் குறையாது.

இதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கேள்வி: ‘ராத்திரி முழுக்கக் கண் விழித்தால் இதை முடித்துவிட முடியுமா?’

முடியும் என்றால் தாளில் எழுதுவதில்லை. துணி அலமாரி, புத்தக அடுக்கு, துணி தேய்ப்பது, மகள் பள்ளியில் கேட்கும் சார்ட், விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைக் கூட்டிப் பெருக்குவது எல்லாம் கண் விழித்தால் முடிகிற வேலைகள். அவற்றை மனம் போனபோது செய்துகொள்ளலாம். அங்கே நான் பழைய ஆள்தான், அதில் எனக்கு வெட்கமும் இல்லை.

முடியாது என்றால் எழுதியே ஆக வேண்டும். பாஸ்போர்ட் அப்படி. இன்னும் நாலு மாதம் செல்லும், போதாதா என்று நினைப்போம். பல நாடுகள், உள்ளே நுழையும் தேதியிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. தடுப்பூசியும் அப்படி. மஞ்சள் காய்ச்சலுக்கான ஊசிச் சான்றிதழ், போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் போட்டுக்கொண்டு பயன் இல்லை. ஹெபடைடிஸ்-பி ஊசி வழக்கமான முறையில் மூன்று தவணை, முதலாவதுக்கும் கடைசிக்கும் நடுவே 6 மாதம். பல் எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட் வைத்தால் எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். மூக்குக் கண்ணாடி ஆர்டர், விசா, சிறப்பு மருத்துவரிடம் நேரம், யாரோ ஓர் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டிய எந்தக் காகிதமும் இந்த ரகம்தான். பணத்தைக் கொட்டினாலும் தூக்கத்தைத் தொலைத்தாலும் காத்திருப்பு காத்திருப்புதான்.

இப்படிச் சலித்துப் பார்த்தால் ஒரு வீட்டில் மிஞ்சுவது ஒரு கைப்பிடி வேலை. மலை மாதிரி தெரிந்ததெல்லாம் ஃப்ளோட் உள்ள வேலைகள். ஒரு தாளின் பாதிகூட நிரம்பவில்லை என்று பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே!

நாள் கணக்குப் போடுவதற்கும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ‘இது எவ்வளவு நாள் ஆகும்?’ என்று என்னைக் கேட்டுக்கொள்வதே இல்லை. கேட்டால் என் மனசு அந்த ஆய்வேட்டு மாணவர்கள் மாதிரி 34 என்று கூசாமல் சொல்லும். ‘போன தடவை எவ்வளவு ஆச்சு?’ என்றுதான் கேட்பேன். நாமே செய்திராத வேலை என்றால், செய்தவரைக் கேட்டால் போச்சு. கானமனும் இதைத்தான் சொல்கிறார்: உள்ளே நின்று கற்பனை செய்யாதே, அதே மாதிரி வேலைகள் நிஜத்தில் எப்படிப் போயின என்று வெளியே நின்று பார். அதற்கு மேல், மழைக்கென்று சைட்டில் ஒதுக்குவது போல வீட்டிலும் கொஞ்சம் நாள் சும்மா விட்டு வைப்பேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் தேதி போட்ட எந்த வரியைப் பார்த்தாலும் அந்த ‘நீ யார் என்னைச் சொல்ல?’ குரல் வரத்தான் செய்கிறது. அதனால் தேதியே இல்லாமல் எதையெல்லாம் ஒப்பேற்றலாம் என்று பார்த்தேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அப்பாவின் மாத்திரை அட்டை.

அப்பாவுக்குத் தினம் ஒரு ரத்த அழுத்த மாத்திரை. தீர்ந்த பிறகுதான் தெரியும். தெரியும்போது மணி ராத்திரி பத்தாகியிருக்கும். இப்போது புது அட்டைகள் வந்ததும், கடைசி அட்டையைப் புரட்டி, பின்பக்க வெள்ளித்தாளில், மேலிருந்து இரண்டாவது வரிசைக்கும் மூன்றாவதுக்கும் நடுவே மார்க்கரால் ஒரு தடித்த சிவப்புக் கோடு போட்டுவிடுகிறேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மாத்திரைகள் வழக்கம்போல. கோட்டைத் தாண்டி ஒன்றைப் பிதுக்கி எடுத்தால், அன்றைக்கு வாங்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். முதல் நாள் அப்பா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னம்மா இது, எல்லைக்கோடு மாதிரி?” என்றார். அடுத்த முறை அவரே, “கோடு தாண்டியாச்சும்மா” என்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் அட்டையை நீட்டினார்.

இது என் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். டொயோட்டா தொழிற்சாலையில் டைச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறை இதன் அண்ணன். அங்கே உதிரிபாகத்தோடு ஓர் அட்டை இருக்கும். பாகத்தை எடுக்கும்போது அந்த அட்டை பின்னால் போய், ‘இன்னும் வேண்டும்’ என்று சொல்லும். யாரும் நாட்காட்டியைப் பார்த்து நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம், பொருளே கூப்பிடும். அதிகாரம் செய்ய ஆள் இல்லாததால் முறைத்துக்கொள்ளவும் ஆள் இல்லை. பற்பசை, பிரிண்டர் மை, காண்டாக்ட் லென்ஸ் திரவம் எல்லாவற்றுக்கும் இப்போது எங்கேயாவது ஒரு கோடு இருக்கிறது. போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். வைத்தேன். என் கட்டைவிரல் அதைப் படிப்பதற்குள் தள்ளிவிடுகிறது.

பார்க்கப் பயப்படும் வேலைகளுக்கு, பல் டாக்டர் மாதிரி, கோடு உதவாது. அதற்கு நான் நம்புவது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் வழி. ‘இதைச் செய்வேன்’ என்று பொதுவாக முடிவெடுப்பதைவிட, ‘இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று ஒரு தருணத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டவர்கள் அதிகமாகச் செய்து முடித்தார்கள் என்று அவர் காட்டினார். 2006இல் பாஸ்கல் ஷீரனோடு சேர்ந்து 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே முடிவுதான். நான் செய்யும் மாற்றம், முடிச்சை முதல் அசைவோடு நிறுத்திவிடுவது. ‘மதியம் லேப்டாப்பை மூடியதும் பாஸ்போர்ட்டைத் தேடி மேசை மேல் வைப்பேன்.’ வைத்தால் போதும். விண்ணப்பம் நிரப்ப வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம்.

இன்னொரு லாபமும் உண்டு. முடியாத வேலை மண்டைக்குள் நமநமவென்று அரித்துக்கொண்டே இருக்குமே, அது அடங்கிவிடுகிறது. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரின் 2011 ஆய்வு இதைத்தான் சொல்கிறது: வேலையை முடிக்கவே வேண்டாம், எப்போது எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டுவிட்டாலே அது வந்து வந்து குறுக்கிடுவது நின்றுவிடுகிறது. ராத்திரி தூக்கம் கெடாமல் இருந்தாலே எனக்குப் போதும்.

அக்காவுக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. போன் செய்தாள்.

“கதவுல பேப்பர் ஒட்டியிருக்கியாமே! நான் எத்தனை வருஷமா தலையால அடிச்சுக்கிட்டேன்?”

“நீ எல்லாத்தையும் எழுதச் சொன்னேக்கா. நான் பாதிப் பக்கம்தான் எழுதியிருக்கேன்.”

“மீதிப் பாதியையும் எழுதிடேன், அழகா இருக்கும்.”

அவளுக்குப் பட்டியல் என்றால் அமைதி. ஒவ்வொரு வரியாக அடிக்கும்போது முகம் தெளிவதை நானே பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த அமைதி வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நான் ஒரு வரிகூட எழுதுவதில்லை. எழுதப்போவதும் இல்லை.

மகள் இப்போது தேர்வுக்குப் படிக்கிறாள். என் தாளைப் பார்த்து அவளும் ஒன்று போட்டு மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறாள், ஓரத்தில் ‘ரி. 2’. எட்டிப் பார்த்தேன். சும்மா விட்ட நாட்களை எல்லாம் மொத்தமாகக் கடைசி வாரத்தில் சேர்த்து வைத்திருந்தாள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? “அதை அங்கங்கே பிரிச்சுப் போடு, நடுவுல ஒரு நாள் தவறினாலும் தாங்கும்” என்றேன்.

“அம்மா, என் பிளான்ல கை வைக்காதே” என்றாள். புருவம் இரண்டும் நெரிந்து, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவள் நடிக்கவில்லை. ரிவிஷன் 3இல் அவளே பிரித்துப் போடுவாளா என்று பார்க்க வேண்டும்.